ஜெயந்தினியின் கட்டில்

இலங்கை மலையகத்தில், பூனாகலைப் பக்கத்தில் மரவேலை செய்பவரை யாரும் ஆசாரி என்று கூப்பிடுவதில்லை. சுவர் கட்டுபவரும் பாஸ், கதவு செய்பவரும் பாஸ். அப்படித்தான் சின்னராசா 'ராசா பாஸ்' ஆனார். அவருடைய அப்பா தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாடப்போடும் மாடியில் வேலை பார்த்தவர். சின்னராசா பதினேழு வயதில் பண்டாரவளையில் கட்டில், மேசை செய்யும் ஒரு தளபாடக் கடைக்கு உப்புத்தாள் தேய்க்கப் போய், இருபது வருஷம் அங்கேயே கிடந்து, பிறகு ஊருக்குத் திரும்பி, சந்திக்குக் கொஞ்சம் கீழே ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். இப்போது நாற்பத்தெட்டு வயது. அதிகம் பேசமாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, சாவு வீட்டுக்குப் போனாலும் சரி, ஓரமாக நின்று அந்த வீட்டுக் கதவு நிலை நேராக நிற்கிறதா என்றுதான் பார்ப்பார். அவர் மனைவி தவமணி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஜூலை மாதத்தில் ஒருநாள் அவருடைய வாட்ஸ்அப்பில் சவூதியிலிருந்து ஒரு குரல் வந்து விழுந்தது.

"அண்ணே, நான் தோட்டத்து மேல் டிவிசன் பெரியாயி மக ஜெயந்தினி பேசுறேன். ரஜீவோட அக்கா. உங்க நம்பர தம்பிதான் குடுத்தான். எனக்கு ரூம் செட் ஒண்ணு செய்யணும்ணே. பெரிய கட்டில், அலுமாரி, கண்ணாடி வச்ச மேசை. அவசரமில்ல. நான் வர்றதுக்குள்ள முடிஞ்சா போதும்."

பெரியாயியின் வீட்டைச் சின்னராசாவுக்குத் தெரியும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டு, தனியாக ஏழு பேர்ச் துண்டுக் காணியில் எழும்பிய வீடு. ஜெயந்தினி வீட்டுவேலைக்காக வெளிநாடு போய்ப் பன்னிரண்டு வருஷமாக அனுப்பியதில் எழுந்தது அது. அதில் ஒரு அறையை மட்டும் அம்மா பூட்டியே வைத்திருந்தாள். கேட்டால் "அது மக ரூம்" என்பாள்.

"கல்யாணமாம்மா?" என்று சின்னராசா பதில் அனுப்பினார். பெரிய கட்டில் கேட்டு வருகிறவர்களுக்கு அவர் அறிந்த காரணம் அது ஒன்றுதான்.

சிரிப்போடு பதில் வந்தது. "இல்லண்ணே. எனக்குத்தான். எனக்கு மட்டும்."

இத்தனை வருஷத்தில் ஒரு பெண் தனக்கு மட்டும் என்று கட்டில் கேட்டு வந்ததில்லை. அவர் தொழில் பேச்சுக்குத் திரும்பினார். "எந்தப் பக்கமா படுப்பம்மா? அந்தப் பக்கம்தான் இழுத்துத் தொறக்குற லாச்சி வைக்கணும்."

"ரெண்டு பக்கமும் நான்தான்ணே படுப்பேன். ரெண்டு பக்கமும் வைங்க."

இப்படியே மூன்று மாதம் போனது. வெள்ளிக்கிழமை தோறும் அவள் பேசுவாள். அவர் சொல்லும் அளவுகளை ஒரு சின்னக் கொப்பியில் எழுதி, திருப்பி வாசித்துக் காட்டுவாள். ஆறேகாலடி நீளம், அஞ்சடி அகலம், தரையிலிருந்து ஒண்ணரையடி. துணி இஸ்திரி போடும் அறையில், காஸ் சிலிண்டர்களுக்கு நடுவில் தான் படுப்பதாக ஒருதடவை போகிற போக்கில் சொன்னாள். புரண்டால் சிலிண்டரில் கை இடிக்குமாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சின்னராசா நல்ல பலாமரம் எடுத்துப் போட்டார். கட்டிலின் கால்களைக் கடைந்து, சட்டங்களின் நுனியில் கழுந்து செதுக்கித் துளையில் பொருத்திப் பார்த்தார். தலைமாட்டுப் பலகையில் கொடி செதுக்கவா, வெறுமனே விடவா என்று செப்டம்பர் கடைசியில் கேட்டு அனுப்பினார். பதில் இல்லை. அவர் அனுப்பியது போய்ச் சேர்ந்ததாகவே காட்டவில்லை. ரஜீவைக் கேட்டால், வீட்டுக்கும் போன் வரவில்லை என்றான்.

அக்டோபர் கடைசியில், அடைமழை நாளில், குடைகூட இல்லாமல் ரஜீவ் கொட்டகைக்குள் வந்து நின்றான்.

"பாஸ், நிப்பாட்டிருங்க. அக்கா செத்துருச்சு."

சின்னராசா இழைப்புளியை நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தார். மரச்சுருள் காலடியில் விழுந்தது. அப்புறம்தான் அவர் கை நின்றது.

"என்னடா சொல்ற?"

"அக்காவ அனுப்புன ஏஜென்சியில இருந்து போன் பண்ணாங்க. தூக்கத்துல மாரடைப்பாம். கொண்டுவர பத்துப் பன்னெண்டு நாள் ஆகுமாம்." அவன் பலகைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். "அம்மா இன்னும் அழுவல பாஸ். அதான் பயமா இருக்கு."

அவன் போனபிறகு சின்னராசா சட்டங்களை எல்லாம் சுவரோடு சாத்திச் சாக்கால் மூடினார். போனை எடுத்து அவளுடைய பழைய குரல் ஒன்றை அமுக்கினார். "ரெண்டு பக்கமும் நான்தான்ணே" என்று அது சிரித்ததும், சூடுபட்டவர் மாதிரிப் போனைக் கீழே வைத்துவிட்டார்.

சவப்பெட்டி வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது பெரியாயியே வந்தாள். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நடந்தே வந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"தம்பி, கட்டில் எவ்வளவு முடிஞ்சிருக்கு?"

"பாதிக்கு மேல முடிஞ்சிருக்குங்க. ஏன்மா?"

"அலுமாரி வேணாம். மேசையும் வேணாம். கட்டில மட்டும் முடிச்சுக் குடுங்க. சனிக்கிழமை அவ வர்றா. பன்னெண்டு வருஷமா அடுத்தவன் வீட்டுத் தரையில கெடந்தவ. ஒரு தடவையாவது அவ கட்டில்ல அவ படுக்கணும். பொழுது சாய எடுக்குற வரைக்கும் படுக்கட்டும்."

பிணத்துக்குக் கட்டில் செய்வதா? முடியாது என்று சொல்லத்தான் நினைத்தார். பெரியாயியின் முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அளவு கொடுக்க வந்தவள் மாதிரி நின்றாள்.

"சரிங்கம்மா," என்று சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மூன்று நாளும் மழை விடவில்லை. தலைமாட்டில் கொடி செதுக்க நேரமில்லை. வெறும் பலகையாகவே விட்டார். பூசிய பொலிஷ் அந்த ஈரக் காற்றில் காய மறுத்தது. தவமணி கொழுந்தெடுக்கப் போகாமல் நின்று, இரும்புச் சட்டியில் கரிநெருப்புப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து விசிறினாள். சனிக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியது. வேறு வழியில்லை. அப்படியே கழற்றி லொறியில் ஏற்றினார்.

பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். சந்தியில் ஜெயந்தினியின் படம் போட்ட பெரிய பதாகை தொங்கியது. அந்த முகத்தை அவர் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தார். பூட்டிக் கிடந்த அறையைப் பெரியாயி திறந்துவிட்டாள். புதுச் சுண்ணாம்பு வாசனை. ஆணி அடிக்காமல், சத்தம் போடாமல், கட்டிலைப் பொருத்தி நிறுத்தினார்.

பதினொரு மணிக்குப் பெட்டி வந்தது. உள்ளே தகரம் அடித்த பெட்டி. ஆறுபேர் தூக்கியும் திணறினார்கள். திறக்கக் கூடாது, நாள் கடந்த உடம்பு என்று கூட வந்த கடதாசியில் எழுதியிருந்தது. கட்டிலில் வைத்தபோது பலகைகள் ஒருதடவை முனகின. உயிருள்ள ஒருத்தியின் பாரத்துக்கு என்று வைத்த பலகை அது. உடையவில்லை.

அப்போதுதான் பெரியாயி அழுதாள். வந்து நின்ற பெண்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி விழுந்தார்கள். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். காயாத பொலிஷில் விரல்கள் பதிந்தன. சின்னராசாவின் கண் அதையே பார்த்தது. இந்த நேரத்தில் தான் இதைப் பார்க்கிறோமே என்று அவருக்கே வெட்கமாகி, வீட்டின் பின்பக்கம் போய்த் தேயிலை ஓரமாக நின்றுகொண்டார்.

நாலு மணிக்கு எடுப்பதாக இருந்தது. இரண்டரை இருக்கும், அவருடைய போன் அடித்தது. நீளமான, தெரியாத நம்பர்.

"அண்ணே, ராசா பாஸ் அண்ணனா? நான் ஜெயந்தினி பேசுறேன்."

விரல் பட்டுப் பழைய குரல் ஏதோ ஓடுகிறது என்று நினைத்தார். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பேச்சுதான். நேரான பேச்சு.

"அண்ணே, கேக்குதா? இது வேற ஆள் போனு. வீட்டுக்கார மேடம் என் போன பறிச்சு ஒடச்சிட்டாங்க. என்னைய வேற ஊருக்குக் கொண்டாந்துட்டாங்க. தம்பி நம்பருக்குக் காலையிலருந்து அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேங்கிறான். எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது அது ஒண்ணுதான். அப்புறம்தான் அளவு எழுதுன கொப்பியில உங்க நம்பர் இருக்குறது ஞாபகம் வந்துச்சு... அண்ணே?"

முன்வாசலில் தப்பு மேளம் அடிப்பவர்கள் அந்த நேரம் பார்த்து மறுபடி தொடங்கினார்கள்.

"அது என்ன சத்தம்ணே? தப்பா? எங்க இருக்கீங்க?"

"உங்க வீட்ல."

அந்தப் பக்கமிருந்து அலறல். "அம்மாவா? எங்கம்மா போயிருச்சா அண்ணே?"

"அம்மா நல்லா இருக்காங்கம்மா."

"பொய் சொல்லாதீங்க! பின்ன யாருண்ணே செத்தது? தம்பியா? சொல்லுங்கண்ணே!"

"நீதாம்மா," என்றார் சின்னராசா.

வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்தார். அன்றைக்கு வாயில் வந்தது அதுதான். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டபோது சொன்ன பதில் ஆசிரியருக்குக் கேட்காமல் போன பிள்ளை மாதிரி, அவள் சொன்னாள்:

"நான் இங்க இருக்கேனே அண்ணே."

ரஜீவ் தண்ணீர் வாளியோடு அந்தப் பக்கம் வந்தான். சின்னராசா போனை நீட்டினார். "உங்க அக்கா," என்றார். ரஜீவ் வாளியைப் போட்டுவிட்டு அவருடைய சட்டையைப் பிடித்தான். "எழவு வீட்ல வந்து வெளயாடுறீங்களா?" என்று கத்தினான். போனிலிருந்து "தம்பி, டேய் தம்பி" என்று கேட்டது. அவனுடைய பிடி தளர்ந்தது. போனை வாங்கிக் காதில் வைத்தவன், "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே அம்மாவைத் தேடி உள்ளே ஓடினான்.

பெரியாயியிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் போனைத் தட்டிவிட்டாள். "பேய் பேசுது. என் புள்ள இங்க படுத்திருக்கா. எடுத்துட்டுப் போ." படம் தெரியும்படி மறுபடி கூப்பிட வைத்தார்கள். கண்ணாடி உடைந்த யாருடையதோ போனில், முக்காடு போட்டு, கன்னம் ஒட்டிப்போன ஜெயந்தினியின் முகம் வந்தது. "அம்மா, நான்தாம்மா. கைய பாரு, நீ குத்தின பச்ச." முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்ததைத் தூக்கிக் காட்டினாள். பெரியாயி அதைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தப்பு நின்றது. அழுகை நின்றது. ஒவ்வொருவராகத் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார்கள். சந்தோஷத்தில் மலரத் தொடங்கிய முகங்கள் பாதியிலேயே நின்றுபோயின.

"அப்ப இது யாரு?" என்று வாசலில் நின்ற ஒருவர் கேட்டார்.

இரண்டு பெண்கள் பயந்து அறையை விட்டு வெளியே ஓடினார்கள். கட்டிலில் வைத்திருந்த கையை இன்னொருத்தி மெல்ல எடுத்துக்கொண்டாள். மாலைகளை எடுத்துவிடலாமா, விளக்கை அணைத்துவிடலாமா என்று ஆம்பளைகள் குசுகுசுத்தார்கள். பெரியாயிதான் மறுபடி கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"நீ யாரும்மா?" என்று கேட்டாள். "எந்தூரு மகராசி பெத்த புள்ள? உன் ஆத்தா உனக்காகப் பாத்துக்கிட்டு இருப்பாளே. அவ இன்னும் சோறாக்கிக்கிட்டு இருப்பாளே."

அவள் அழத் தொடங்கினாள். மகளுக்கு அழுததைவிடச் சத்தமாக அழுதாள். வெளியே போன பெண்கள் வாசலில் தயங்கி நின்று, ஒருத்தி பின் ஒருத்தியாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சின்னராசா அறை வாசலில் நின்று அதைப் பார்த்தார். தன் கன்னம் நனைந்திருப்பது, தவமணி முந்தானையால் துடைத்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

பொலிஸ் வந்தது. கிராம சேவகர் வந்தார். அன்று இருட்டுவதற்குள் பெட்டியைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார்கள். நீதவான் உத்தரவில் திறந்து பார்த்ததில், அது ஜெயந்தினி இல்லை என்று உறுதியானது. சவூதிக்கு வேலைக்குப் போன பெண்களின் பாஸ்போர்ட்டை எல்லாம் ஏஜென்சிக்காரன் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருந்திருக்கிறான். செத்துப்போன ஒருத்தியை ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்ட எதையோ எடுத்துக் கொடுத்திருக்கிறான். கைக்கு வந்தது ஜெயந்தினியுடையது. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' சின்னராசாவைத் தூங்கவிடவில்லை. ஒரு கதவுக்குப் பிணைச்சல் மாறிப்போனால்கூடத் தான் இரண்டு தடவை சரிபார்ப்பேனே என்று தவமணியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பத்தொன்பது நாள் கழித்து விரல் ரேகையை வைத்துக் கண்டுபிடித்தார்கள். மூதூர்ப் பெண். பேர் ஜெனீரா. இருபத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகள். உடம்பைப் பொறுப்பெடுக்க வந்த அண்ணன் ஸலீம், ஊருக்குத் திரும்பும் முன் அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு மலையேறி வந்தார். சின்னராசாவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"என்ட தங்கச்சிக்காக இஞ்ச ஆக்கள் அழுதாங்களாம் எண்டு ஆஸ்பத்திரியில சொன்னாங்க," என்றார் ஸலீம். "எங்களுக்கு அவ மௌத்தானதே தெரியா. பிள்ளைகளுக்குக் காசு அனுப்புவா எண்டு பார்த்துக்கொண்டு இருந்தம். இஞ்ச யாரெண்டே தெரியாம அழுதிருக்கிறீங்க."

அவளைக் கிடத்திய இடத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டார். பெரியாயி அறையைத் திறந்தாள். அவர் கட்டிலைச் சுற்றி வந்து, தலைமாட்டுப் பலகையில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "நல்ல வேலை," என்று சின்னராசாவைப் பார்த்துச் சொன்னார். சின்னராசா தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருஷத்தில் வாங்கிய பாராட்டுகளில் அது ஒன்றைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஜெயந்தினி மாசி மாதம்தான் வந்து சேர்ந்தாள். கடதாசியில் செத்துப்போனவள், தான் சாகவில்லை என்று ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கிக் காட்ட மூன்று மாதம் ஆனது. வந்த இரண்டாம் நாளே கொட்டகைக்கு வந்தாள். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். சின்னராசா உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"அன்னிக்கு நீங்க சொன்னீங்களேண்ணே, நீதாம்மான்னு," என்றாள் அவள். "இப்பவும் சில நேரம் எந்திரிச்சு ஒக்காந்தா அது காதுல கேக்குது. என்னைய நானே கிள்ளிப் பாக்குறேன்."

"மன்னிச்சுக்கம்மா. எனக்குப் பேசத் தெரியல."

"நீங்க என்ன செய்வீங்க?" அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அம்மாவும் நானும் கீழ பாய் போட்டுத்தான் படுக்குறோம். கட்டில ஒடச்சு எரிச்சிரச் சொல்லி மாமா சொல்றாரு. அம்மா அந்த விரல் பதிஞ்சதெல்லாம் அப்படியே இருக்கட்டுங்குது. எனக்காக அழுதவங்க கையாம்."

"நீ என்ன சொல்றம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு அதெல்லாம் வேணாம்ணே. அந்தப் பொண்ணு பாவம், அவ படுத்தது பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நான் கேட்டது புதுக் கட்டில். தேச்சு எடுத்து எனக்குப் புதுசா பண்ணிக் குடுங்க."

அன்று மாலையே சின்னராசா கட்டிலைக் கழற்றிக் கொண்டுவந்தார். வெயில் நன்றாக அடித்த நாட்கள். காலையில் தொடங்கி, ஒவ்வொரு சட்டமாகத் தேய்த்தார். பெரிய விரல், சின்ன விரல், வளையல் உரசிய கோடு, ஓரிடத்தில் முழு உள்ளங்கை. தலைமாட்டில் ஒட்டியிருந்த செவ்வந்தி இதழ்கள் பொலிஷோடு சேர்ந்து தூளாக உதிர்ந்தன. உள்ளங்கை பதிந்த இடத்துக்கு வந்ததும் ஒருதரம் நிறுத்தினார். பிறகு அதையும் தேய்த்தார். அடியிலிருந்து பலாவின் மஞ்சள் புதிதாக எழுந்து வந்தது. மூன்று கை பூசி, ஒவ்வொன்றையும் முழுசாகக் காயவிட்டார். அலுமாரியையும் கண்ணாடி மேசையையும் அதற்குப் பிறகு எடுத்தார்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, அலுமாரிக்குக் கதவு மாட்டுவதற்காகச் சாமான் பையோடு போனார். பகல் பதினொரு மணி. பெரியாயி வாசலிலேயே வாயில் விரலை வைத்து நிறுத்தினாள். அறைக்கதவு திறந்திருந்தது. ஜெயந்தினி கட்டிலுக்குக் குறுக்கே, கைகளையும் கால்களையும் அகல விரித்துப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து ராத்திரி ஏறிப் படுத்தவ," என்று பெரியாயி கிசுகிசுத்தாள். "டீத்தண்ணி ரெண்டு தடவ ஆறிப் போச்சு. எழுப்ப மனசு வரல தம்பி."

கதவை மாட்டினால் சுத்தியல் அடிக்க வேண்டும். சின்னராசா பையை அப்படியே வாசலோரமாக வைத்தார். "நாளைக்கு வர்றேங்க," என்று சொல்லிவிட்டு, சரளைக்கல் சத்தம் கேட்காமல் இருக்கப் புல்லின் மேலே கால் வைத்து நடந்து போனார்.